தஞ்சோங் ரம்புத்தான் என்னும் சொல்: மனப்பிறழ்வும் மருந்தும் மூளையும் பற்றிய ஒரு வரலாறு

கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ வளர்ந்த தமிழருக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்பது வெறும் ஊர்ப்பெயர் அன்று. பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே உள்ள சிற்றூர் அது. ஆனால், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடையில் ஒருவர் சொன்னால், அவர் இரயில் பயணத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது சுற்றியிருப்போர் அனைவருக்கும் விளங்கும். சென்னையில் இதே பணியைக் 'கீழ்ப்பாக்கம்' செய்கிறது. இலங்கைத் தமிழரிடையே 'அங்கொடை' செய்கிறது. நன்னூல் கற்ற மாணவர் இதனை இடவாகுபெயர் என்று எளிதில் வகைப்படுத்திவிடுவர். இடத்தின் பெயர் அங்குள்ள நிறுவனத்தைக் குறித்தது. பிறகு அந்நிறுவனத்தில் வாழ்வோரைக் குறித்தது. முடிவில் யார்மீதும் வீசத்தக்க வசையாயிற்று. மூன்று நாடுகளில், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமல், தமிழர் ஒரே வகை ஆகுபெயரை உருவாக்கிக்கொண்டனர் என்பது கருதத்தக்கது.

தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஜொகூரின் தம்போயில் மற்றொன்று 1937இல் எழுந்தது. விடுதலைக்குப் பின் இவற்றின் பெயர்கள் மாறின. முன்னது 'பஹாகியா' மருத்துவமனை. பின்னது 'பெர்மாய்' மருத்துவமனை. பஹாகியா என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். வடமொழியின் 'பாக்ய' என்னும் சொல்லிலிருந்து மலாய் பெற்றது அது. அதே சொல்லைத்தான் நாம் 'பாக்கியம்' என்று வழங்குகிறோம். பெயரை மாற்றினால் வசை நீங்கும் என்று நம்பியோரின் நோக்கம் நல்லது. மக்களோ புதுப்பெயரை விட்டுவிட்டுப் பழைய ஊர்ப்பெயரையே வைத்துக்கொண்டனர். சென்னையில் வாலண்டைன் கொனோலி என்னும் மருத்துவர் 1794இல் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்த நிறுவனம் 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு வந்தது. இன்று அது மனநல நிலையம் எனப்படுகிறது. அங்கும் கதை இதுவே.

மொழியியல் கற்றவன் இப்பொருளைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் வேண்டுமல்லவா? காரணம் உண்டு. மனப்பிறழ்வு என்னும் நோயின் முதல் அறிகுறிகள் பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் வெளிப்படுகின்றன. அதாவது, ஆசிரியர்களின் கண்ணெதிரே வெளிப்படுகின்றன; அதுவும் பேச்சில் வெளிப்படுகின்றன. நன்கு எழுதிக்கொண்டிருந்த மாணவனின் கட்டுரையில் வாக்கியத்திற்கும் வாக்கியத்திற்கும் இடையே இருந்த கயிறு அறுந்துபோகிறது. எவரும் அறியாத புதுச்சொற்கள் தோன்றுகின்றன. அப்போது வீட்டார் முதலில் சொல்வது 'காத்துக் கருப்பு', 'செய்வினை' என்பன. அண்டை வீட்டார் போமோவைப் பரிந்துரைப்பர். ஓராண்டு கழித்து மருத்துவமனைக்குச் சென்றபின் வேறொரு தொடர் வீட்டுக்குள் நுழைகிறது: 'அந்த மாத்திரை மூளையை உருக்கிவிடும்'. இந்தக் கடைசித் தொடரில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்பதே இவ்வுரையின் மையம். இரண்டும் அதில் உண்டு. அதனால்தான் அது ஆபத்தானது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். சங்க இலக்கியத்தின் வெறியாட்டு முதல் இன்றைய 'சாமி வந்து ஆடுதல்' வரை, தன்னிலை இழத்தலுக்குத் தமிழில் ஓர் உயர்ந்த இருக்கை இருந்திருக்கிறது. சுந்தரர் இறைவனையே பித்தன் என்றழைத்தார். பைத்தியம் என்னும் சொல்லோ பித்தம் என்னும் உடல்நீர்மத்தோடு உறவுடையது. அதாவது, நோய் உடலில்தான் இருக்கிறது என்னும் கொள்கை அச்சொல்லுக்குள்ளேயே உறங்குகிறது. சித்த மருத்துவம் இத்தகைய நோய்களைக் 'கிரிகை' என்னும் பெயரால் 18 வகையாகப் பகுத்தது. வகைப்படுத்தும் ஆர்வம் ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று.

ஐரோப்பாவில் அவ்வார்வத்தின் உச்சம் எமில் கிரெப்பலின் என்னும் ஜெர்மானிய மருத்துவர். அவர் 1904இல் நம் அண்டை மண்ணுக்கு வந்தார். ஜாவாவின் பய்ட்டன்சோர்க், அதாவது இன்றைய போகோர், காப்பகத்தில் நோயாளிகளை ஆராய்ந்தார். தாம் ஜெர்மனியில் வகுத்த நோய் ஜாவாவிலும் இருக்கிறதா என்பதே அவர் கேள்வி. இருந்தது. ஆனால், ஜாவானிய நோயாளிகளிடம் குரல் கேட்கும் மாயப்புலன் அரிதாகத் தோன்றுவதைக் கண்ட அவர், இம்மக்களின் சிந்தனையில் பேச்சுக்கு உள்ள பங்கு ஐரோப்பியருக்கு உள்ளதைவிடக் குறைவு என்று காரணம் கற்பித்தார். பல அடுக்கு மரியாதைப் பேச்சு வழக்குகளைக் கொண்ட, சொல்லுக்குச் சொல் எதிரில் இருப்பவரின் தகுதியை அளக்கும் ஜாவானிய மொழியைப் பேசுவோரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார். பெரிய அறிஞர், ஆனால் அந்த மொழி அவருக்குத் தெரியாது.

இதற்கு நூறாண்டு கடந்து வந்த மறுமொழியைச் சென்னையே தந்தது. டான்யா லூர்மன் என்னும் மானிடவியலாளரும் அவருடைய குழுவினரும் கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று ஊர்களில், ஊருக்கு 20 பேராக, குரல் கேட்கும் நோயாளிகள் 60 பேரிடம் பேசி, முடிவுகளை 2015இல் வெளியிட்டனர். அமெரிக்கர்கள் கேட்ட குரல்கள் பெரும்பாலும் அந்நியருடையவை, வன்மையானவை. சென்னையிலோ பாதிக்கும் மேற்பட்டோர் உறவினரின் குரல்களைக் கேட்டனர்; அக்குரல்கள் திட்டின, அறிவுரை கூறின, வீட்டு வேலையைச் செய்யச் சொல்லி ஏவின. நோய் மூளையில் எழலாம். அது என்ன பேச வேண்டும் என்பதைக் குடும்பமும் மொழியும் சொல்லிக்கொடுக்கின்றன.

ஆய்கன் பிளாய்லர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் 1908இல் பெர்லினில் ஆற்றிய உரையில் 'ஸ்கிட்ஸோஃப்ரீனியா' என்னும் சொல்லை முன்வைத்தார். 1911இல், தஞ்சோங் ரம்புத்தான் திறக்கப்பட்ட அதே ஆண்டில், அதைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். பிளவுபடுதல், உள்ளம் என்னும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. தமிழில் அது 'மனச்சிதைவு' ஆயிற்று. சிதைவு என்பது பிளவைவிடக் கடுமையான சொல். பிளந்ததைச் சேர்க்கலாம், சிதைந்ததைச் சேர்க்க முடியாது என்றே தமிழ்க் காது கேட்கும். இதற்குப் பிறகு வருகிறேன்.

இனி மருந்தின் வரலாறு. அது கிள்ளானுக்கு முற்றிலும் அயலானதன்று. 1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் மலேரியாவை எதிர்த்துச் சதுப்பு நிலங்களை வடிக்கும் பணியைத் தொடங்கினார். தோட்டத் தமிழர் 'கொய்னா' என்று அழைத்த குவினைன் அக்காலத்தில் ஒவ்வொரு லயத்திலும் அறிமுகமான பொருள். அதே மலேரியாவுக்கு வேறொரு மருந்தையும் ஜெர்மனியில் சோதித்துப் பார்த்திருந்தனர். பால் ஏர்லிக் என்பவர் தம் உடன் ஆய்வாளருடன் 1891இல் 'மெத்திலீன் நீலம்' என்னும் சாயத்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார். துணிக்குச் சாயமேற்ற உருவாக்கிய அந்த மூலக்கூறின் எலும்புக்கூட்டுக்கு ஃபீனோதயசின் என்று பெயர். அரை நூற்றாண்டு கழித்து, அந்த எலும்புக்கூட்டின்மீது கட்டப்பட்டதே குளோர்புரோமசின். 1950 டிசம்பரில் பிரான்சின் ரோன்-பூலங்க் நிறுவனத்தில் பால் ஷார்ப்பாந்தியே அதை உருவாக்கினார். ஆங்ரி லபோரி என்னும் அறுவை மருத்துவர், அதை உண்டவர்கள் உறங்காமலேயே சுற்றுப்புறத்தைப் பற்றிய கவலை நீங்கியிருப்பதைக் கவனித்தார். 1952இல் பாரிஸின் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் டெலே, பியேர் டெனிக்கர் ஆகியோர் அதனை மனப்பிறழ்வு நோயாளிகளுக்குக் கொடுத்தனர். வார்டுகளில் கூச்சல் அடங்கிற்று.

இதே ஆண்டுகளில் மற்றொரு மருந்து நம் பக்கத்திலிருந்து சென்றது. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை இந்திய வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பாம்புக்கடிக்கும் பித்துக்கும் கொடுத்துவந்தனர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அது இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிப்பதை எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன அறிஞர் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நேதன் கிளைன் நியூயார்க்கில் நோயாளிகளுக்குக் கொடுத்த சோதனையை வெளியிட்டார். பாட்டன் வைத்தியத்தின் வெற்றி என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. கொண்டாடலாம். ஆனால், ரெசர்ப்பின் இரத்த அழுத்தத்தைப் பெரிதும் தாழ்த்தியது, சிலரைச் சோர்வில் ஆழ்த்தியது. மனநல மருத்துவத்தில் அது விரைவில் வழக்கொழிந்தது. அதன் உண்மையான கொடை வேறு.

சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பிறகு அவற்றுக்கு லீவோ டோபாவைச் செலுத்தினார். மூளை அதனை டோபமினாக மாற்றிக்கொள்ளும். முயல்கள் எழுந்து நடமாடின. 1957இல் வெளியான இச்சோதனையே டோபமின் மூளையின் செய்தியாளருள் ஒன்று என்பதைக் காட்டியது. நடுக்குவாதத்திற்கு மருந்து பிறந்ததும் இதனால்தான். மனப்பிறழ்வு மருந்துகள் ஏன் நோயாளிகளை விறைப்பாக, முகபாவம் அற்றவராக, கைநடுங்குபவராக ஆக்குகின்றன என்பதற்கும் விடை கிடைத்தது. 2000ஆம் ஆண்டு கார்ல்சனுக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. 1970களின் நடுவில் டொரொண்டோவிலும் பால்ட்டிமோரிலும் நடந்த ஆய்வுகள், ஒரு மருந்து டோபமினின் குறிப்பிட்ட ஏற்பியை எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ அவ்வளவு குறைந்த அளவே நோயாளிக்குப் போதும் என்பதை நிறுவின.

டோபமின் என்ன செய்கிறது? மொழியாசிரியருக்கு விளங்கும் வகையில் சொன்னால், அது உலகம் என்னும் பனுவலில் அடிக்கோடு இடுகிறது: 'இது முக்கியம், கவனி.' மனப்பிறழ்வின்போது அடிக்கோடுகள் மிகுதியாகி, இடம் மாறி விழுகின்றன. பக்கத்து வீட்டாரின் இருமல், சாலையில் போகும் வண்டியின் எண், வானொலி அறிவிப்பாளரின் ஒரு சொல் எல்லாம் தன்னையே சுட்டுவதாகத் தோன்றும். ஷிதிஜ் கபூர் என்னும் மருத்துவர் 2003இல் இக்கருத்தை விரிவாக எழுதினார். மருந்து அடிக்கோடுகளைக் குறைக்கிறது. ஏற்பிகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு மறைக்கப்பட்டால் நோய் தணியத் தொடங்குகிறது. 80 விழுக்காட்டை நெருங்கினால் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி குறுகியது. முற்காலத்தில் கொடுக்கப்பட்ட பேரளவுகள் அவ்வழியைத் தாண்டியவை என்பதில் ஐயமில்லை. உலகின் பழைய மனநோய்க் காப்பகங்களில் விறைத்து நடந்த மனிதர்களைக் கண்டு, 'பைத்தியம் பிடித்தால் இப்படித்தான் நடப்பார்கள்' என்று பார்வையாளர் எண்ணியிருந்தால், அவர்கள் கண்டது பாதி நோய், பாதி மருந்து.

எந்தப் பாதி எது? இதுதான் வினா. மருந்து வழக்கிற்கு வந்து சில ஆண்டுகளிலேயே, நெடுநாள் உண்டோரிடம் நாவும் உதடும் தாமாகச் சுழலும் ஓர் அசைவு தோன்றுவதை மருத்துவர்கள் குறித்தனர். மருந்தின் பழி என்றே எல்லோரும் கொண்டனர். ஆனால், கிரெப்பலின் மருந்தே இல்லாத காலத்தில் தம் நோயாளிகளிடம் முகமும் விரல்களும் தாமாக அசைவதை எழுதிவைத்திருந்தார். அப்படியானால் நோயே அதைச் செய்யக்கூடுமா? இதைத் தீர்க்க, நோய் முற்றி முதுமை எய்தியும் ஒருமுறைகூட மருந்து உண்ணாத மனிதர்கள் வேண்டும். ஸ்காட்லாந்தில் அத்தகையோர் கிடைக்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் கிடைத்தனர்.

சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை 1984இல் நிறுவியவர் மருத்துவர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை நடத்தியவர். அந்நிறுவனத்தின் ஆர். தாரா, ஆர். பத்மாவதி முதலியோரும் ஸ்காட்லாந்தின் ராபின் மெக்கிரிடியும் சேர்ந்து முதியோர் 308 பேரைச் சோதித்து 1996இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயற்ற முதியோரில் 15 விழுக்காட்டினரிடம் தானியங்கு அசைவுகள் இருந்தன. நோயாளிகளின் இரத்த உறவினரிடமும் அதே 15. மருந்து உண்டுவந்த நோயாளிகளில் 41. மருந்தே தொடாத நோயாளிகள் 21 பேரில் 38 விழுக்காடு.

38க்கும் 41க்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். முழுப்பழியையும் மருந்தின் தலையில் ஏற்றும் கருத்து அங்கே முடங்கிவிடுகிறது. 21 பேர் என்பது சிறிய எண் என்று புள்ளியியல் ஆசிரியர் குறைகூறுவார், முறையான குறையே. மருந்துண்டோரின் சராசரி வயது 57, உண்ணாதோரின் வயது 65 என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்; முதுமையே அசைவுகளைக் கூட்டும். மருந்து இவ்வசைவுகளை உண்டாக்குவதில்லை என்று எவரும் முடிவு கட்டவில்லை, உண்டாக்குகிறது. நோயும் தனியே உண்டாக்க வல்லது என்பதுதான் புதுச்செய்தி. 2002இல் அதே குழுவினர் சென்னைக்குத் தெற்கே உள்ள சிற்றூர்களின் மருந்துண்ணா நோயாளிகளைக் காந்த ஒத்திசைவுப் படக்கருவிக்குள் அனுப்பி, அசைவு உடையோரின் மூளை அடித்தளத்தில் ஒரு கரு பெருத்திருப்பதைக் கண்டனர். மருந்தின் கை படாத மூளையிலேயே வேறுபாடு.

அந்த 21 பேரைப் பற்றி இன்னும் ஒரு சொல். அறுபது வயதைக் கடந்தும் ஒரு மாத்திரையைக்கூடக் காணாமல் இருந்தனர் என்றால், அவர்கள் தேர்ந்தெடுத்து அவ்வாறு இருக்கவில்லை. ஏழ்மையும் தொலைவும் அறியாமையும் அவர்களை அப்படி வைத்திருந்தன. உலக மருத்துவ இலக்கியத்திற்குத் தமிழ் ஊர்கள் தந்த ஓர் அரிய சான்று, கவனிப்பாரற்ற வாழ்வுகளிலிருந்து பிறந்தது.

இனி, 'உருக்கிவிடும்' என்னும் சொல்லுக்கு வருவோம். மூளையின் உள்ளறைகள் மனச்சிதைவு நோயாளிகளிடம் விரிந்திருப்பதை யாகோபி, விங்க்லர் என்னும் ஜெர்மானியர் 1927இலேயே, மூளைக்குள் காற்றைச் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படங்களில் கண்டனர். மருந்து பிறப்பதற்கு கால் நூற்றாண்டு முந்தியது அது. 1976இல் இங்கிலாந்தின் ஈவ் ஜான்ஸ்டனும் குழுவினரும் 17 நோயாளிகளைப் புதிய கணினிப் படக்கருவியில் நோக்கி அதையே உறுதிசெய்தனர். உள்ளறை விரிந்தால், சுற்றியுள்ள பொருள் குறைந்திருக்கிறது என்று பொருள். மெல்போர்னின் கிறிஸ்டோஸ் பாண்டெலிஸ் குழுவினர் 2003இல் இன்னும் ஒருபடி முன்சென்றனர்: நோய் வரும் அபாயம் உடைய இளையோரை, நோய் வருவதற்கு முன்பே படமெடுத்துவைத்தனர். பின்னாளில் நோயுற்றவர்களின் மூளையில் சில பகுதிகளின் சாம்பல்நிறப் பொருள் முன்பே குறைந்திருந்தது.

மறுபக்கத்தைத் திறந்தவர் நேன்சி ஆண்ட்ரியாசன். இவரை ஆசிரியர்கள் அறிந்துவைத்திருப்பது நல்லது. இவர் முதலில் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்; ஜான் டன் என்னும் கவிஞரைப் பற்றி நூல் எழுதியவர். பின்பு மருத்துவம் கற்று, மனப்பிறழ்வு நோயாளிகளின் பேச்சுக் குலைவை அளக்கும் அளவுகோலை உருவாக்கினார். தடம்விட்டு விலகும் பேச்சு, ஒலியொப்புமையைப் பற்றிக்கொண்டு ஓடும் பேச்சு, புதுச்சொற் படைப்பு என்று அவர் வகுத்த இனங்களைப் பார்த்தால், இலக்கணம் கற்றவருடைய கை அதில் தெரியும். அவருடைய அயோவா குழுவினர் 211 நோயாளிகளைச் சராசரி 7 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து படமெடுத்து 2011இல் வெளியிட்ட முடிவு: எவ்வளவு மிகுதியாக மருந்து உண்டனரோ, அவ்வளவு மூளைத்திசுக் குறைவு. அதை வெளியிடுவதற்கு முன் அவர் தயங்கினார், மீண்டும் சரிபார்த்தார். நோயாளிகள் மருந்தை எறிந்துவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. நோய் கடுமையானவர்க்கே மிகுதியான மருந்து தரப்படும். ஆகையால் குறைவுக்குக் காரணம் கடுமையா மருந்தா என்னும் ஐயம் எஞ்சும். அவர்கள் அதைக் கணக்கில் கழித்துப் பார்த்தும் மருந்தின் தடம் எஞ்சியது.

நோயே இல்லாத உயிருக்கு மருந்தைக் கொடுத்தால்? பிட்ஸ்பர்க்கில் 18 மக்காக் குரங்குகளைக் கொண்டு அதைச் சோதித்தனர். அவற்றுள் சிலவற்றுக்கு மனிதர்க்கு ஒத்த அளவில் ஹாலோபெரிடால் அல்லது ஓலன்சபின் 17 முதல் 27 மாதங்கள்வரை கொடுக்கப்பட்டது. 2005இல் வெளியான முடிவின்படி, அவற்றின் மூளை எடை மருந்துண்ணாக் குரங்குகளைவிட 8 முதல் 11 விழுக்காடு குறைந்திருந்தது. பின்வந்த நுண்ணோக்கி ஆய்வில், குறைந்தவை முதன்மையாக நரம்பணுக்கள் அல்ல, அவற்றைத் தாங்கி ஊட்டும் துணையணுக்களே என்று தெரிந்தது. ஆகவே, சுருக்கம் உண்டு. 'உருகுதல்' என்று சொல்லத்தக்க அணு மடிவு அதுவன்று. இவ்விரு சொற்களுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை ஒரு தாய்க்குத் தமிழில் விளக்கிச் சொல்ல இயலாத மருத்துவர், அவள் மகனின் மருந்தைக் காப்பாற்ற மாட்டார்.

மனிதரிடம் இரண்டையும் பிரித்துக் காட்டிய சோதனை 2020இல் வெளியாயிற்று. மனப்பிறழ்வோடு கூடிய கடுஞ்சோர்விலிருந்து நலம்பெற்றவர்கள் இரு பிரிவாயினர். குலுக்கல் முறையில் ஒருவர்க்கு ஓலன்சபின் தொடர்ந்தது, மற்றவர்க்குப் போலி மாத்திரை. 36 வாரங்கள் கழிந்தன. நலமாகவே இருந்தோருள், ஓலன்சபின் உண்டவர்களின் மூளைப் புறணி மெலிந்திருந்தது. ஆனால், போலி மாத்திரை உண்டு நோய் திரும்பியவர்களிடமும் புறணி மெலிந்தது. மருந்துக்கும் விலை உண்டு. நோய்க்கும் விலை உண்டு. வாரியாகமகிளா, ஆதியாகமகிளா என்று ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்து முழங்க விரும்புவோர்க்கு இச்சோதனை இடந்தராது.

அப்படியாயின் நிறுத்திவிடலாமா என்று கேட்போர்க்கு வேறு எண்களைக் காட்ட வேண்டும். ஸ்டெஃபான் லாய்க்ட் குழுவினர் 65 சோதனைகளைத் தொகுத்து 2012இல் கண்டது: ஓராண்டிற்குள் நோய் திரும்பியோர், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 விழுக்காடு; நிறுத்தியவர்களில் 64. ஃபின்லாந்தில் 66,881 நோயாளிகளை 11 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2009இல் காட்டியது: நெடுநாள் மருந்துண்டோரின் இறப்பு வீதம், மருந்தே உண்ணாதோரைவிடக் குறைவு. தற்கொலை, விபத்து, தன்னைப் பேணாமை ஆகியவை மாத்திரையைவிட விரைவாகக் கொல்கின்றன. மருந்தும் மருத்துவமும் சென்றடையாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்குத் தமிழர் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியபோது 28 மனநோயாளிகள் இறந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை.

சிதைவு மீளாதது என்னும் எண்ணத்தையும் சென்னையே ஆட்டங்காணச் செய்தது. 1981இல் தொடங்கி, முதன்முறை நோயுற்ற 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் பத்தாண்டு, இருபதாண்டு, அதற்கும் மேல் தொடர்ந்து சென்று பார்த்தனர். பத்தாண்டின் முடிவில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தனர். பலர் வேலை செய்தனர், மணம் முடித்தனர். எல்லோரும் அல்லர். அக்காலத் தமிழ்க் குடும்பம் நோயாளியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டது இதற்கு எவ்வளவு துணைசெய்தது என்பதைப் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். இன்றைய கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீட்டில், இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில், அதே துணை கிடைக்குமா என்பது தனி வினா.

இப்போது சொல்லுக்குத் திரும்புகிறேன். ஜப்பானியரும் பிளாய்லரின் சொல்லை 'மனப் பிளவு நோய்' என்றே பெயர்த்திருந்தனர். நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம் 1993இல் அப்பெயரை மாற்றக் கோரிற்று. 2002இல் மனநல மருத்துவர் கழகம் அதை 'ஒருங்கிணைவுக் குறை' என்னும் பொருளுடைய சொல்லாக மாற்றியது. விளைவு வியப்பானது. முன்பு நோயின் பெயர் வாய்விட்டுச் சொல்லப்பட்ட நோயாளிகள் ஏறத்தாழ 37 விழுக்காடு. சில ஆண்டுகளிலேயே 70 விழுக்காடு. மருத்துவராலேயே சொல்லக் கூசப்பட்ட சொல் அது. பெயர் தெரிந்தால்தானே நோயாளி மருந்தின் நன்மை தீமைகளைக் கேட்டறிய முடியும்? தஞ்சோங் ரம்புத்தான் பஹாகியா ஆனதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அங்கே கட்டடத்தின் பெயர் மாறியது. இங்கே நோயைப் பற்றிய கொள்கை மாறியது. நம் நாட்டிலும் மனநலச் சேவை கட்டடத்தைவிட்டு ஊருக்குள் வரத் தொடங்கியிருக்கிறது. 'மெந்தாரி' என்னும் சமூக மனநல மையங்கள் அவ்வகையின. மெந்தாரி என்றால் மலாயில் கதிரவன்.

கொரியர் 2011இல் தேர்ந்த சொல் இன்னும் அழகானது: இசைக்கருவியின் தந்தியைச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதை ஆக்கினர். நோய் என்பது சுருதி விலகல். மருத்துவம் என்பது சுருதி சேர்த்தல். தந்தியை மிகவும் தளர்த்தினாலும் இசை இல்லை, மிகவும் முறுக்கினாலும் இல்லை என்பதில் மருந்தின் அளவு பற்றிய 65க்கும் 80க்கும் இடைப்பட்ட குறுகிய வழியும் அடங்கிவிடுகிறது. தமிழில் கலைச்சொல் ஆக்குவோர் இதனை எண்ணிப்பார்க்கலாம். யாழைச் சுருதி சேர்ப்பதற்குப் 'பண்ணல்' என்னும் பழஞ்சொல் சிலப்பதிகாரத்திலேயே உண்டு. யாழின் தந்திக்கும் உடலின் உணர்விழைக்கும் தமிழர் வைத்த பெயரும் ஒன்றே: நரம்பு.